6 பாயிண்ட், 11 பேர்

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். அடுத்த மாத டூட்டி லிஸ்ட் போடுவது. நான் ஒரு மருத்துவமனையில் நர்சிங் சூப்பர்வைசர். 42 பேருக்கு காலை, மாலை, இரவு என்று பிரித்துப் போட வேண்டும். யார் பிள்ளைக்குப் பரீட்சை, யார் வீட்டில் வளைகாப்பு, போன மாதம் யார் இரண்டு வாரம் நைட் பார்த்தார் என்று எல்லாம் மனசில் ஓடும். பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, முடிக்க இரண்டு நாள் ஆகிவிடும். அந்த இரண்டு நாளும் அப்பா நினைப்பாகவே இருக்கும்.

அப்பா போலீஸ்காரர். 1983-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2017-இல் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக, ஓய்வு பெற்றார். அதில் பாதிக்கு மேல் டிராஃபிக்கில்தான். தென் மாவட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் வெயிலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டிராஃபிக்குக்கு மாறியதும் காக்கிச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. ஒரு நாள் போட்டாலே காலரின் உள்பக்கம் கறுப்புக் கோடு விழுந்துவிடும். அம்மா பிரஷ்ஷால் தேய்த்து, சொட்டு நீலத்தில் முக்கி எடுப்பார். எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாக ஒரு கோடு மிஞ்சும். அந்தக் கோடு அழுக்கில்லை, டீசல் புகை. மொத்தம் மூன்று சட்டை. மூன்றும் ஒரே நேரத்தில் கொடியில் காய்ந்தால் அன்றைக்கு அப்பாவுக்கு ஆஃப் என்று அர்த்தம். காவலர் குடியிருப்பில் நாங்கள் இருந்த அத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

இரவு வந்ததும் பாயை விரித்துப் படுத்து, இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வார். கெண்டைக்காலில் நரம்பு பச்சை பச்சையாகச் சுருண்டு கிடக்கும். அது வெரிகோஸ் வெயின் என்பதும், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு அது வரும் என்பதும் நர்சிங் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதெல்லாம் அப்பா சுவரில் கால் வைத்தால், அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். அவர் பேசிக்கொண்டே தூங்கிவிடுவார்.

அப்பாவுடைய ஸ்டேஷனில் டூட்டி போடுகிறவர் ரைட்டர், ஸ்டேஷனின் எழுத்து வேலையைப் பார்க்கும் போலீஸ்காரர். ரூல் போட்ட நீளத் தாளில் பெயர்களை எழுதி, காலையில் ரோல் காலில் வாசிப்பார்கள். நாளைக்கு எங்கே, எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் இரவுதான் தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. "என்னங்க, வர்ற ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக் காதுகுத்து" என்று அம்மா சொன்னால், "பாப்போம்" என்பார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அம்மா 30 வருஷம் குடும்பம் நடத்தினார். என் வார்டில் ஒரு பெண்ணுக்கு மாதம் முழுவதற்குமான ஷிஃப்ட் முன்கூட்டியே கையில் இருக்கிறது. அதிலும் குறை உண்டு, சண்டை உண்டு. ஆனாலும் அவளால் ரயில் டிக்கெட் எடுத்துவைக்க முடிகிறது. அப்பாவால் முடிந்ததே இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். போலீஸில் ஆள் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு பற்றாக்குறை என்பது பாயிண்ட் பாயிண்டாக எண்ணிப் பார்த்தால்தான் உறைக்கிறது.

அந்த ஊரில் ஆள் நிற்க வேண்டிய பாயிண்ட் ஆறு. பஸ் ஸ்டாண்டு முக்கு, பெரியாஸ்பத்திரி, மார்க்கெட், ரயில்வே கேட், காலேஜ் ரோடு, பாலத்தடி. காலை 7 முதல் 2 வரை ஒரு ஷிஃப்ட், 2 முதல் 9 வரை இன்னொன்று. பாயிண்டுக்கு ஒரே ஒருவர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 12 ஷிஃப்ட்டுக்கு ஆள் வேண்டும், வருஷத்துக்கு 4,380. ஒரு மனிதருக்கு 365 நாளில் வார விடுப்பு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 கழித்தால் மீதி 271. 4,380-ஐ 271-ஆல் வகுத்தால் 16 பேரைத் தாண்டும். 17 பேர் என்று கொள்வோம். யாருக்கும் காய்ச்சல் வராது, கோர்ட்டிலிருந்து சம்மன் வராது, திருவிழா கிடையாது, மந்திரி வரமாட்டார் என்ற ஊருக்குத்தான் இந்த 17 பேர் போதும்.

அப்பாவோடு பாயிண்டில் நிற்க இருந்தவர்கள் 11 பேர். அந்த 4,380-ஐ 11-ஆல் வகுத்தால் ஆளுக்கு 398 ஷிஃப்ட் வருகிறது. வருஷத்துக்கு இருப்பதோ 365 நாள். ஒரு நாள்கூட லீவு போடாமல் எல்லோரும் தினமும் வந்தாலும் தாளை நிரப்ப முடியாது.

அப்புறம் என்ன நடக்கும்? ஒன்று, பாயிண்ட் காலியாகக் கிடக்கும். இல்லையென்றால் காலையில் வந்தவரே மாலையிலும் நிற்பார். எங்கள் ஊரில் இரண்டும் நடந்தது. ஷிஃப்ட் மாறும் மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை மார்க்கெட் முக்கில் யாரும் இருக்கமாட்டார்கள். அது ஆட்டோக்காரருக்குத் தெரியும், சரக்கு வேன்காரருக்குத் தெரியும், ஸ்கூல் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஒரு வழிப்பாதை அந்த ஒரு மணி நேரம் இரு வழிப்பாதையாகிவிடும். ஊர்க்காவல் படையில் ஒரு பையனை நிறுத்துவார்கள். அவன் கையைக் காட்டலாம், விசில் ஊதலாம். அபராதம் போட முடியாது. அது அவனைக் கடந்து போகிற ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் தெரியும்.

சாயங்காலம் இதைவிட மோசம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 விபத்து அறிக்கையைப் பார்த்தால், நாடு முழுக்க அந்த ஆண்டு 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், எல்லா மாநிலங்களையும்விட அதிகம். விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நடப்பது மாலை 6 முதல் இரவு 9 வரை. காலை 7 மணிக்கு வந்து இரண்டு ஷிஃப்ட்டும் பார்க்கிறவருக்கு அது 12-ஆவது, 13-ஆவது, 14-ஆவது மணி நேரம். கண் பார்த்ததை மூளை வாங்குவதற்குள் லாரி தாண்டிப் போயிருக்கும்.

ஆணி வேர் ரொம்பப் பழையது. 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, காவல் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வாசகம். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு 1948-இலேயே சட்டம் வந்துவிட்டது: வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு. ஆலைக்கு வெளியே ரோட்டில் நிற்கிற போலீஸ்காரருக்கு அது கிடையாது. சங்கம் வைத்துக் கேட்கலாம் என்றால், 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

2014-இல் மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஹைதராபாத்தின் நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஓர் ஆய்வு செய்து கொடுத்தது. காவல் நிலையங்களில் இருப்பவர்களில் 90 சதவீதம் பேர் தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். தங்கள் ஆட்களுக்கு மாதத்தில் ஒரு நாள்கூட வார விடுப்பு கொடுக்க முடிவதில்லை என்று 73.6 சதவீத நிலைய அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியபோது, "ஒத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. அவருக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதை அம்மா இருக்கும்போது நாங்கள் பேசுவதில்லை.

எஸ்.எஸ்.ஐ. ஆன பிறகு அப்பாவுக்கு இரவு வாகனச் சோதனையும் சேர்ந்தது. பைபாஸில் தடுப்பு வைத்து, வருகிற வண்டிகளை நிறுத்தி, மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதச் சொல்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அப்பா தினமும் எழுவது காலை 5 மணிக்கு. சோதனை சூடுபிடிப்பது இரவு 11 மணிக்கு. நடுவில் 18 மணி நேரம்.

1997-இல் ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலையும் அவருடைய நிலையும் ஒன்றாகவே இருந்தன. எங்கள் மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் பற்றிய ஒரு வகுப்பில் இதைச் சொன்னார்கள். எனக்கு அப்படியே பைபாஸ் ஞாபகம் வந்தது. கருவியை நீட்டி "ஊதுங்க" என்று சொல்கிற மனிதரின் உடம்பு, தூக்கக் கணக்கில் பார்த்தால், சட்டம் விதித்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அவர் அதோடு நடுரோட்டில் நிற்கிறார். முடித்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வர வேண்டும்.

2011-இல் ஒரு நாள் அப்படி வரும்போது மொபெட்டோடு வாய்க்கால் ஓரம் விழுந்துவிட்டார். மணி ஒன்றரை இருக்கும். காரை எலும்பு முறிந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் தோள்பட்டை முழுக்கச் சேறு. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார், ஸ்டேஷனில் சொன்னார், அம்மாவிடமும் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் மாடியில் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் சொன்னார்: "நாயெல்லாம் வரலம்மா. கண்ணு சொக்கிட்டு."

சோதனைக்கு நின்ற மற்றவர்களும் அதே நேரத்துக்கு எழுந்தவர்கள்தான். அவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்களோ.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மும்பையில் செய்து காட்டினார்கள். அதைச் செய்தது அதிகாரி இல்லை, தேவ்னார் காவல் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு காவலர். இருக்கிற ஆட்களை வைத்தே 8 மணி நேர ஷிஃப்ட் ஓட்ட முடியும் என்று அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்திருக்கிறார். அப்போது போலீஸ் கமிஷனராக இருந்த தத்தா பட்சல்கிகர் அதை வாங்கிப் பார்த்தார். 2016 மே மாதம் தேவ்னாரிலேயே சோதனை முயற்சியாகத் தொடங்கிவைத்தார். 2017 தொடக்கத்தில் அது நகரம் முழுக்க விரிந்தது. கமிஷனர் ஒருவர் காவலரின் தாளை வாங்கிப் படித்தார் என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஸ்டேஷனில் எந்த வேலைக்கு எத்தனை பேர் சும்மா காத்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் ஆள் போதவில்லை என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். அப்பாவும் தெரிந்துவைத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

8 மணி நேரம்தான் சரி என்றும் இல்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட், ஆர்லிங்டன் நகரப் போலீஸாரை வைத்து போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு சோதனை நடத்தி 2011-இல் வெளியிட்டது. 8 மணி நேரமாக வாரம் ஐந்து நாள், 10 மணி நேரமாக நான்கு நாள், 12 மணி நேரமாக மூன்று நாள் என்று மூன்று விதமாக வேலை பார்க்க வைத்தார்கள். 10 மணி நேரக்காரர்கள் 8 மணி நேரக்காரர்களைவிட தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள், ஓவர்டைமும் குறைந்தது. 12 மணி நேரக்காரர்கள் வேலையில் சோர்ந்துபோனார்கள். எதுவானாலும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஓர் எல்லை இருந்தது, முழுசாக லீவு நாட்கள் இருந்தன.

ரோந்துக்கும் இதே மாதிரி யோசித்திருக்கிறார்கள். மினியாபொலிஸ் நகரத்து விவரங்களை வைத்து கிறிஸ்டோபர் கோப்பர் என்பவர் 1995-இல் கண்டுபிடித்தது இது: குற்றம் நடக்கும் இடத்தில் ரோந்து வண்டி 10 முதல் 15 நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பினால், அது போன பின்னும் அங்கே கொஞ்ச நேரம் அமைதி நிற்கிறது. அதற்கு மேல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது. அவர் சொன்னது குற்றத்தைப் பற்றி, சிக்னலைப் பற்றி இல்லை. இருந்தாலும் நம் ஊர் வாகனச் சோதனைக்கு இதில் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பாலத்தடியில், ஒரே நேரத்தில், தினமும் ஹெல்மெட் பிடித்தால், இரண்டாம் நாளே ஊர் பக்கத்துத் தெருவில் திரும்பிப் போய்விடும். இன்று இங்கே 15 நிமிஷம், அப்புறம் ரயில்வே கேட், அப்புறம் காலேஜ் ரோடு என்று மாறிக்கொண்டே இருந்தால் எங்கே இருப்பார்களோ என்ற எண்ணம் வண்டிக்காரர் மனசில் இருந்துகொண்டே இருக்கும். ரசீது போடும் அதிகாரம் உள்ள ஒருவரும் துணைக்கு இரண்டு பேரும் வண்டியோடு சுற்ற வேண்டும். அவர்களைப் பாயிண்டிலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி அந்தத் தாளில் போய்த்தான் நிற்கிறோம்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் எல்லாம் ஏறியது. ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. அப்போது டீக்கடையிலிருந்து டிவி வரை எல்லோரும் தொகையைப் பற்றியே பேசினார்கள். தொகை ஏறியதால் பயம் வரும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் மதியம் ஒன்றரை மணிக்கு மார்க்கெட் முக்கில் ஆள் இல்லை என்று தெரிந்த ஊரில் 1,000 ரூபாயும் 100 ரூபாயும் ஒன்றுதான். மாட்டுவோம் என்று தெரிந்தால் 100 ரூபாய்க்கே ஜனங்கள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவார்கள்.

2021-இல் ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும், பிறந்த நாள், திருமண நாளுக்கும் விடுப்பு உண்டு என்று சுற்றறிக்கை அனுப்பினார். நவம்பரில் வார விடுப்பு அரசாணையாகவே வந்தது. முதலமைச்சர் போகிற வழியில் பாதுகாப்புக்கு என்று பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்தக்கூடாது என்ற உத்தரவும் அந்த ஆண்டு வந்ததுதான். ஒதுங்க ஒரு கழிப்பறைகூட இல்லாத ரோட்டில் நாள் முழுக்க நின்ற பெண்களை அப்பா பார்த்திருக்கிறார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

என் சித்தி மகன் இப்போது போலீஸில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, ஆஃப் கிடைக்கிறதா என்று கேட்டேன். "சார்ட்ல போடுறாங்கக்கா. அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு ஃபோன் வந்துட்டா கெளம்பணும். இந்த மாசம் நாலுல ரெண்டு எடுத்தேன்" என்றான். நாலுக்கு இரண்டு. கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "பரவால்லையே" என்றார். மனசார அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. அரசாணை விடுப்பைக் கொடுத்தது. அந்த விடுப்பு நாளில் நிற்க வேண்டிய ஆளைக் கொடுக்கவில்லை. நான் ஒரு நர்ஸுக்கு ஆஃப் போட்டால், அந்த இடத்தில் இன்னொரு பெயரையும் எழுதியாக வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் நோயாளிக்கு மருந்து போகாது. போலீஸில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அன்றைக்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. விபத்து நடந்தாலும் அதை வண்டி ஓட்டியவர் கணக்கில்தான் எழுதுவார்கள்.

போன மாதம் என் டூட்டி லிஸ்ட்டை முடித்த கையோடு, மிச்சமிருந்த சார்ட் பேப்பரில் அப்பாவுடைய பழைய ஸ்டேஷனுக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 17 பேர், 6 பாயிண்ட், ஒரு வருஷம். எல்லோருக்கும் வாரம் ஒரு ஆஃப். இரவுச் சோதனை பார்த்தவருக்கு மறுநாள் மதியத்துக்கு மேல்தான் டூட்டி. ஷிஃப்ட் மாறும்போது பாயிண்ட் காலியாகாமல் இருக்க இரண்டு ஷிஃப்ட்டும் அரை மணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பெயர்களை அப்பாதான் சொன்னார். அந்த 11 பேரையும் வரிசையாகச் சொல்லி, இரண்டு பேர் இப்போது இல்லை என்றார். மீதி ஆறு கட்டத்துக்கு, ரிடையர் ஆகும் வரை அங்கே மாற்றல் கேட்டுக் கிடைக்காமல் போனவர்களின் பெயரைச் சொன்னார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு மாதமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஆகஸ்ட் வரை தலையாட்டினார். செப்டம்பர் 11-இல் விரல் நின்றது.

"அன்னைக்கு இம்மானுவேல் சேகரன் நினைவு நாளு, பரமக்குடிக்கு ஆள் கேப்பாங்களேம்மா. யாரை அனுப்புவ?"

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அடுத்த தாளுக்கு நகர்ந்து அக்டோபர் 30-இல் மறுபடி நின்றது.

"தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன்னுக்கு மூணு நாளைக்கு ஏழு பேர் போயிருவாங்க. அதுல நான் போயிருக்கேன், எல்லா வருசமும்."

பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ரப்பரைத் தேடினேன்.